ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு சின்சில்லாக்கள்: எட்டு வயதும் பதினேழு வயதும்

"தண்ணி பாட்டில்ல வாய் வைக்கும்போது தண்ணிய மேல சிந்திடறான் போல டாக்டர். தாடை எப்பப் பாத்தாலும் ஈரமாவே இருக்கு."

பஞ்சு என்ற சின்சில்லாவை (தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையின் அடர்மயிர்க் கொறிவிலங்கு) தூக்கிவந்த அம்மா முதலில் சொன்னது இதைத்தான். தாடைக்கு அடியிலிருந்த மயிர், நனைத்தெடுத்த தூரிகைபோல் நாலைந்து கற்றையாக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னங்கால்களின் உட்புறமும் அப்படியே. வாயைத் துடைத்துத் துடைத்து அங்கேயும் ஈரம் ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். தண்ணீருக்கு வாடை இருக்காது, இதற்கு இருந்தது. வழிந்துகொண்டிருந்தது எச்சில்.

ஆண். வயது எட்டு ஆண்டு, ஒரு மாதம். தராசில் 432 கிராம். இரண்டு ஆண்டுக்கு முன்பு இதே தராசில் 610 கிராம் இருந்ததாக என் பதிவேட்டில் இருந்தது. கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு உடம்பு கரைந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மனிதத் தலையில் ஒரு மயிர்க்காலுக்கு ஒன்றிரண்டு மயிர். சின்சில்லாவுக்கு ஒரே மயிர்க்காலிலிருந்து அறுபதுக்கு மேல் வரும். அந்தப் போர்வைக்குள் உடம்பு இளைத்தாலும் உருவம் இளைப்பதில்லை. கையில் எடுத்து விரலை உள்ளே விட்டால்தான் முதுகெலும்பு தட்டுப்படும்.

அதே கூடையில் சுண்டுவும் வந்திருந்தான். பஞ்சுவோடு ஒரே ஈற்றில் பிறந்தவன், பிறந்ததிலிருந்து ஒரே கூண்டில் வளர்ந்தவன். தனியாக விட்டால் பயப்படுவான் என்று துணைக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். "இவன்தான் டாக்டர் எப்பவும் நோஞ்சான். அவன் போடு போடுன்னு சாப்பிடுவான், இவன் ஓரமா நிப்பான். முதல்ல இவனுக்குத்தான் ஏதாவது ஆகும்னு நெனச்சோம்." வந்ததுதான் வந்தான் என்று அவனையும் தராசில் வைத்தேன். 556 கிராம். முந்தைய முறையைவிட எட்டு கிராம் கூடுதல்.

பஞ்சு அதன்பின் நான்கு மாதம்கூட இருக்கவில்லை. சுண்டு பதினேழு வயதைத் தாண்டிவிட்டான். ஒரே தாய், ஒரே கூண்டு, ஒரே வீடு. இடையில் என்ன வேறுபட்டது என்பதை எழுதத்தான் இந்த ஆய்வு.

வாய்க்குள்ளே

முன்பற்கள் முதல் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தன. கொஞ்சம் நீளம். நிறம் மட்டும் வெளுத்திருந்தது. நல்ல நிலையிலுள்ள சின்சில்லாவின் முன்பல் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருக்கும். வளர்ப்பவர்கள் பலர் இதைக் கறை என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். பல் வெள்ளையாகும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

கீழ்த்தாடையின் அடிவிளிம்பில் விரலை ஓட்டினேன். வழுவழுப்பாக இருக்க வேண்டிய எலும்பில் இரு பக்கமும் வரிசையாக முடிச்சுகள். வலது கண்ணிலிருந்து நீர் வடிந்து, மூக்கோரம் மயிர் கொட்டியிருந்தது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு வேறொரு இடத்தில் கண் நோய் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்து விட்டபோது குறைவதுபோல் இருந்து, நிறுத்தியதும் திரும்ப வந்திருக்கிறது.

"சாப்பிடறானா?"

"ஆசையா ஓடி வர்றான் டாக்டர். வாயில வைக்கிறான், ரெண்டு மெல்லு மெல்லறான், கீழ போட்டுடறான். மறுபடி வர்றான்."

சின்சில்லாவின் கடைவாய்ப்பல் நோயை இதைவிடத் துல்லியமாக யாரும் விவரித்து நான் கேட்டதில்லை. பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை.

மயக்கம் கொடுத்துத் தலையை எக்ஸ்ரே எடுத்தோம். சின்சில்லாவின் வாய் குறுகலானது. விழித்திருக்கும்போது கடைவாய்ப் பற்களை முழுதாகப் பார்ப்பது நடக்காத காரியம். மயக்கத்தில் காது பார்க்கும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தபோது, கீழ்ப்பல் ஒன்றின் உள்விளிம்பு முள்போல் நீண்டு நாக்கின் பக்கவாட்டைக் கிழித்திருந்தது. மேல்பற்களின் முட்கள் கன்னத்துப் பக்கம் வளர்ந்திருந்தன. படத்தில் தெரிந்தது அதைவிட மோசம். கீழ்ப்பற்களின் வேர்முனைகள் தாடை எலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டன. விரலுக்குத் தட்டுப்பட்ட முடிச்சுகள் அவைதான். மேல்பற்களின் வேர்முனைகள் கண்குழி வரை ஏறிக் கண்ணீர்க் குழாயை நெருக்கியிருந்தன. சொட்டு மருந்து எப்படிக் கேட்கும்?

சின்சில்லாவுக்குப் பற்கள் 20. இருபதும் வாழ்நாள் முழுக்க வளர்பவை. முன்பல் மட்டும் ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண்டிஸ் மலைச்சரிவில் அது தின்பது நாரும், மணல்போல் உரசும் சிலிக்காவும் நிறைந்த வறட்டுப் புல், புதர்த் தழை. நாள் முழுக்க அரைத்தால்தான் வயிறு நிறையும். அரைக்க அரைக்கப் பல் தேயும். வளர்ச்சியும் தேய்மானமும் அங்கே சரிக்குச் சரி. மென்மையான, சத்து அடர்ந்த தீனி கிடைக்கும்போது பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது. பல்லுக்கு வேலை இல்லை. மேலும் கீழும் பற்கள் முட்டிக்கொள்கின்றன, மேலே வளர இடம் கிடைப்பதில்லை, ஆனால் வளர்ச்சி நிற்பதுமில்லை. எனவே பல் பின்னோக்கி, வேர்ப் பக்கமாக எலும்புக்குள் இறங்குகிறது. வாய்க்குள் பார்ப்பவருக்கு அரை மில்லிமீட்டர் நீளம்தான் தெரியும். நோயின் பெரும்பகுதி எலும்புக்குள் ஒளிந்திருக்கும்.

பிரிட்டனைச் சேர்ந்த விலங்குப் பல் மருத்துவர் டேவிட் கிராஸ்லி இதை அளந்தே காட்டியிருக்கிறார். காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட சின்சில்லாக்களின் கடைவாய்ப் பற்கள் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம். வளர்ப்பில் பிறந்து பல் நோய் இல்லாதவற்றில் 7க்கு மேல். பல் நோய் வந்தவற்றில் 10. நடுவில் இருக்கும் எண்தான் என்னை உறுத்துவது. வீட்டில் 'நல்ல பல்' என்று நாம் சொல்வதே காட்டு அளவைவிட நீண்ட பல். 2001இல் வெளியான அவரது இன்னொரு ஆய்வில், நலமாக இருப்பதாக நினைத்துக் கொண்டுவரப்பட்ட சின்சில்லாக்களைச் சோதித்தபோது 35 விழுக்காட்டில் பல் நோய் இருந்தது.

என் பதிவேட்டில் ஒரு வரி

பஞ்சு ஆறு வயதில் என்னிடம் வந்ததைச் சொன்னேன். ஒரு பக்கக் காது மடல் கிழிந்து வந்தான். காயத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய குறிப்பின் கடைசியில் என் கையெழுத்தில் "பல் நன்று" என்று இருக்கிறது. முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு எழுதியது அது. கீழ்த்தாடையை விரலால் தடவியிருந்தால் பத்து நொடி ஆகியிருக்கும். என்ன தின்கிறான் என்று கேட்டிருந்தால் இன்னும் ஒரு நிமிடம். இரண்டையும் செய்யவில்லை. 610 கிராம், பளபளக்கும் மயிர், சுறுசுறுப்பு; நலமாக இருக்கும் விலங்கு என்று முடிவுகட்டிவிட்டேன். அன்றே முடிச்சுகள் தொடங்கியிருந்தனவா என்பதற்கு விடை கிடைக்காது, ஆனால் அந்த இரண்டு சொல் எழுதும் தகுதி எனக்கு அன்று இல்லை.

இப்போது சின்சில்லா எதற்காக வந்தாலும், நகம் வெட்ட வந்தாலும்கூட, தாடையைத் தடவாமல் அனுப்புவதில்லை.

கிண்ணம் யார் பக்கம்

எக்ஸ்ரேயைக் காட்டிய பிறகு தீனிக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். கூண்டு மூன்று தட்டு. மேல் தட்டில் தீனிக் கிண்ணம், கீழ்த் தட்டில் உலர்புல் கூடை. கிண்ணத்தில் விற்றவர் பரிந்துரைத்த வண்ணக் கலவை: பெல்லட்டோடு (அரைத்து அழுத்திய குச்சித் தீனி) சோளம், விதைகள், காய்ந்த பழத்துண்டுகள். பஞ்சு கிண்ணத்தை ஒட்டியே படுப்பான். பழத்துண்டையும் விதையையும் பொறுக்கித் தின்று முடித்து, பெல்லட்டை மிச்சம் வைப்பான். சுண்டு மேலே ஏறினால் முன்னங்காலால் தள்ளிவிடுவான். சுண்டு கீழேயே இருந்து புல்லைத் தின்றுகொண்டு, அண்ணன் தூங்கும் நேரம் பார்த்து ஏறி, மிச்சமிருந்த பெல்லட்டைத் தின்றிருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுப் பெரியவர் கம்பிக்கு இடையே உலர் திராட்சை நீட்டுவார். "மாமா கையில இருந்து ரெண்டு கையாலயும் வாங்கிச் சாப்பிடுவான் டாக்டர், அவ்வளவு அழகா இருக்கும்." எத்தனை? "நாலு... அஞ்சு இருக்கும்." கூட வந்திருந்த பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எட்டு, பத்து குடுப்பேன். அவன் கேப்பான்."

கையை நீட்டினால் ஓடிவருபவன் பஞ்சுதான். சுண்டு மூலைக்குப் போய்விடுவான். எட்டு ஆண்டு இப்படி ஓடியிருக்கிறது. கொழுகொழுவென்று, யாருக்கும் பயப்படாமல், கேட்டு வாங்கித் தின்ற ஒருவன். விரட்டப்பட்டு, வேறு வழியின்றிப் புல்லையே மென்றுகொண்டிருந்த ஒருவன். வீட்டில் எல்லோரும் இரக்கப்பட்டது இரண்டாவது ஆள்மீது.

"அப்போ நான் குடுத்ததுனாலதானாம்மா?" என்று பெரியவர் மருமகளைத்தான் கேட்டார், என்னை அல்ல. நான் குறுக்கிட்டுச் சொன்னேன்: "ஐயா, திராட்சை மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. கலவைத் தீனியும் சேர்ந்து அவனைப் புல் பக்கமே போக விடல. பல் வாகு பிறப்புலயும் வரும்." சமாதானத்துக்குச் சொன்னதில்லை. பல் பொருந்தாமை சில வம்சங்களில் வழிவழியாக வருவதால்தான் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் அப்படிப்பட்ட விலங்குகளை இனப்பெருக்கத்துக்கு விடுவதில்லை. உடன்பிறந்தவர்கள் என்றால் மரபணு அச்சுப் பிசகாமல் ஒன்று என்று அர்த்தமும் இல்லை. இரண்டே விலங்கை வைத்து ஒரு காரணத்தை நிறுவிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கிண்ணம் யார் பக்கம் இருந்தது என்ற கேள்வியை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன்.

நான்கு மாதம்

முட்களை அரைத்துப் பல்லை மட்டப்படுத்தினோம். வலிக்கு மெலாக்சிகாம். தோலடியில் திரவம். தூளாக்கிய புல் உணவைக் கரைத்து சிரிஞ்சில், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, மொத்தம் 30 மில்லி போல. தின்னாமல் இருக்கும் சின்சில்லாவுக்கு நேரம் மிகக் குறைவு. அதன் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய எந்திரம். வாந்தி எடுக்கவும் இயலாது. ஒரு நாள் நின்றால் வாயு கட்டும், நுண்ணுயிர்ச் சமநிலை குலையும், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படியத் தொடங்கும். பல் நோயால் இறந்தது என்று நாம் எழுதும் பல சின்சில்லாக்கள் கடைசியில் இறப்பது குடலாலும் ஈரலாலும்தான்.

நடுவில் ஒரு நாள் அந்த அம்மா தொலைபேசியில் கேட்டார்: வீட்டு நாய்க்குக் கொடுத்த அமாக்சிசிலின் (பெனிசிலின் வகை நுண்ணுயிர்க்கொல்லி) மிச்சம் இருக்கிறது, வாய்ப்புண்ணுக்குக் கொஞ்சம் கொடுக்கலாமா? நல்ல வேளை, கேட்டார். வாய்வழியாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகளும் கிளிண்டமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் சின்சில்லாவின் குடலில் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு சுரப்பவற்றுக்கு இடம் கொடுத்துவிடும். நாய்க்கு உயிர் காக்கும் மருந்து இதற்கு எமன்.

பத்து நாளில் பஞ்சு தானாகத் தின்ன ஆரம்பித்தான். 470 கிராம் வரை ஏறினான். வீட்டில் கொண்டாட்டம். ஏழாவது வாரம் மறுபடி எச்சில். மறுபடி மயக்கம், மறுபடி அரைப்பு. அடுத்தது ஐந்து வாரத்தில். அதற்கடுத்தது மூன்றே வாரத்தில், வலது கண் பிதுங்கிய நிலையில் வந்தான். வேர்முனைக்குப் பின்னால் சீழ். வேர் எலும்பைத் துளைத்த பிறகு நாம் செய்வதெல்லாம் காலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதுதான் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தேன். நானும் அந்த அம்மாவும் பேசி, அவர் வீட்டுக்குப் போய் மற்றவர்களிடம் பேசி, மறுநாள் கொண்டுவந்தார். வலியில்லாமல் உறங்க வைத்தோம். எட்டு வயது, நான்கு மாதம், பத்து நாள்.

எவ்வளவு என்பது கணக்கா?

வளர்ப்புச் சின்சில்லா 10 முதல் 15 ஆண்டு வாழும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. இருபதைத் தொட்டவையும் உண்டு. கின்னஸ் பதிவிலுள்ள மூத்த சின்சில்லா, ரேடார் என்ற பெயர் கொண்டது, 29 ஆண்டு 229 நாள் வாழ்ந்து 2014இல் இறந்தது. அரைக்கிலோ எடையுள்ள கொறிவிலங்குக்கு இது அசாதாரணம். வெள்ளெலிக்கு இரண்டு மூன்று ஆண்டு, கினிப் பன்றிக்கு ஐந்திலிருந்து எட்டு.

இதன் உடம்பே நிதானத்துக்கென்று அமைந்தது. வெள்ளெலி மூன்று வாரத்தில் கண் திறக்காத, மயிரில்லாத குட்டிகளைப் பத்துப் பன்னிரண்டாகப் போடுகிறது. சின்சில்லா 111 நாள் சுமந்து, பெரும்பாலும் இரண்டே குட்டி போடும். மயிர், பல், திறந்த கண் எல்லாவற்றோடும் பிறக்கும் அந்தக் குட்டி சில மணி நேரத்தில் ஓடும். பிரச்சினை என்னவென்றால், இந்த நீண்ட ஆயுள் வறண்ட, குளிர்ந்த, உயரமான ஓர் இடத்துக்காகச் செதுக்கப்பட்டது. மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923இல் சிலியிலிருந்து பதினோரு சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து ஒரேயடியாக இறக்கினால் செத்துவிடும் என்பதால் படிப்படியாகக் கீழே கொண்டுவந்து பழக்கினார். கப்பலில் கூண்டுகளைக் குளிர்ச்சியாக வைக்கப் பனிக்கட்டி வைத்தார். இன்று வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பதினோரு விலங்கின் வழிவந்தவை. அடித்தளம் எவ்வளவு குறுகலானது என்று யோசித்துப் பாருங்கள். ரோமத் தொழிலுக்காக வேட்டையாடப்பட்டு, காட்டில் இன்று அழியும் நிலையில் இருக்கிறது இந்த இனம்.

நிறத்துக்காக நடக்கும் இனப்பெருக்கமும் இதன்மேல் வந்து ஏறுகிறது. வெல்வெட் நிற மரபணுவோ வெள்ளை நிற மரபணுவோ தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. விஷயம் தெரிந்தவர்கள் அதே நிறத்தை அதே நிறத்தோடு சேர்ப்பதில்லை.

சுண்டுவின் மீதி ஒன்பது ஆண்டு

அண்ணன் போன மறுநாள் சுண்டு எதையும் தொடவில்லை. இரண்டு நாள் சிரிஞ்சில் ஊட்டினார்கள். மூன்றாம் நாள் மேல் தட்டுக்கு ஏறி, பஞ்சு படுக்கும் இடத்தில் போய்ப் படுத்தானாம். அதன்பின் தின்றான். புதுத் துணை சேர்க்கலாமா என்று கேட்டார்கள். கூடிப் பழகும் விலங்குதான், ஆனால் முன்பின் தெரியாத இரண்டு முதிர்ந்த சின்சில்லாக்கள் சண்டையில் ஒன்றையொன்று கொல்லவும் செய்யும். வேண்டாம் என்றேன்.

வீடு மாறிவிட்டது. கலவைத் தீனி போய், ஒரே மாதிரியான புல் பெல்லட் தினம் ஒன்றரைத் தேக்கரண்டி. டிமோத்தி என்ற புல்வகையின் உலர்புல் கூடை இரண்டு இடத்தில். பெரியவர் உலர் திராட்சைக்குப் பதில் காய்ந்த ஆப்பிள் மரக் குச்சி நீட்டக் கற்றுக்கொண்டார். எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, ஞாயிறுதோறும் காலையில் சமையலறைத் தராசில் எடை. சுண்டு தராசைப் பார்த்து ஓடியதால் அவன் புரண்டு குளிக்கும் மணல் கிண்ணத்தையே தராசில் வைத்துவிட்டார்கள். அவனாக ஏறுவான், கிண்ண எடையைக் கழித்தால் போதும். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை, அவர்களாகக் கண்டுபிடித்தது. இப்போது நான் எல்லோருக்கும் அதைச் சொல்கிறேன்.

பதினோராவது வயதில் கிட்டத்தட்ட இழந்துவிட்டோம். பல்லால் அல்ல. புழுக்கமான ஒரு பிற்பகலில் மின்சாரம் போய், அறைக் குளிரூட்டி நின்று, வீட்டில் ஆள் இல்லை. திரும்பி வந்தபோது அறை 31 டிகிரி செல்சியஸ். சுண்டு பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், காது இரண்டும் சிவந்து நரம்பு புடைத்திருந்தது. என்னிடம் வந்தபோது உடல் வெப்பம் 40.4. இயல்பு 37, 38க்குள்.

சின்சில்லாவுக்கு வியர்க்காது. அந்த மயிர்ப் போர்வையைக் கழற்றி வைக்கவும் முடியாது. அதற்கு வெப்பம் வெளியேறும் பெரிய வாசல் காதுமடல்தான். 27 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அதற்கும் கீழே. வளர்ப்பவர்களிடையே ஒரு வாய்க்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 150ஐத் தாண்டக் கூடாது. ஆய்வகத்தில் பிறந்த சூத்திரம் அல்ல அது, ஆனால் ஈரப்பதத்தையும் பார்க்க வைக்கிறதே, அந்த மட்டில் நல்லது.

அந்த அம்மா பனிக்கட்டி நீரில் முக்கவில்லை. காதிலும் பாதத்திலும் குளிர்ந்த நீர் தொட்டு வைத்து, ஈரத் துணி சுற்றிய பாட்டிலைக் கூடையில் பக்கத்தில் வைத்து, உடனே கிளம்பிவிட்டார். அதுதான் காப்பாற்றியது. திடீரென்று உறைகுளிரில் வைத்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். 39.5க்கு இறங்கியதும் குளிர்விப்பதை நிறுத்தி, தோலடியில் திரவம் ஏற்றினோம். குடல் இரண்டு நாள் மந்தமாக இருந்து பிறகு ஓடியது. ஒரு பிற்பகல், ஒரு மின்வெட்டு. பதினோரு ஆண்டுப் புல்லும் பராமரிப்பும் அதன் முன்னால் ஒன்றுமில்லாமல் போகப் பார்த்தது. பல் ஆயுளை மெல்ல அரிக்கிறது, வெப்பம் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது. இப்போது அந்த அறையில் மின்கல மாற்று ஏற்பாடும், வெப்பம் ஏறினால் தொலைபேசியில் ஒலிக்கும் மானியும் உண்டு. கூண்டுக்குள் ஒரு பளிங்குப் பலகை. சுண்டு வெயில் நாளில் அதன்மேல் பரப்பிப் படுப்பான்.

மற்றவை சிறு சிறு செய்திகள். பன்னிரண்டில் ஆணுறுப்பைச் சுற்றி மயிர் வளையம் கட்டி வந்தான்; எண்ணெய் தடவி எடுத்துவிட்டோம். ஆண் சின்சில்லா வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய விஷயம் இது, கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பதின்மூன்றில் இதயத்தில் முணுமுணுப்பொலி கேட்டது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 260 சின்சில்லாக்களில் 59க்கு இந்த ஒலி இருந்தது, ஆகவே ஒலி கேட்டவுடன் பதறத் தேவையில்லை. ஸ்கேனில் வால்வு கொஞ்சம் கசிந்தது, மருந்து தொடங்கவில்லை. பதினைந்தில் இடது கண்ணில் புரை. தட்டுகளுக்கு இடையேயான உயரத்தைக் குறைத்து, கம்பித் தரையை எடுத்துவிட்டுப் பலகை போட்டார்கள். சின்சில்லாவின் பின்னங்கால் எலும்பு தீக்குச்சிபோல் மெலிது, கம்பி இடுக்கில் மாட்டினால் முறியும். கண் மங்கியவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

பெரியவர் இடையில் காலமாகிவிட்டார். குச்சி நீட்டும் வேலையை இப்போது பேத்தி செய்கிறாள்.

தற்போதைய நிலை

பதினேழு ஆண்டு, இரண்டு மாதம். எடை 538 கிராம்; கடந்த ஓராண்டில் 14 கிராம் குறைவு, அதுவும் மெல்ல மெல்ல. புழுக்கை பெரியதாக, நீள்வட்டமாக, நிறைய. தாடை உலர்ந்திருக்கிறது. முன்பல் ஆரஞ்சு நிறம் மங்காமல் இருக்கிறது. இடப்பக்கக் கீழ்த்தாடையில், பின்னாலிருந்து இரண்டாவது பல்லுக்கு நேர் கீழே, இதுவரை இல்லாத ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. எக்ஸ்ரேயில் அந்த ஒரு வேர்முனை மட்டும் எலும்பின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது, துளைக்கவில்லை. நாக்கில் புண் இல்லை. இந்த வயதில் மயக்கம் கொடுத்து அரைப்பதற்கு இப்போது அவசியம் இல்லை என்று முடிவுசெய்து, படத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பஞ்சுவின் பழைய படம் என் கணினியில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிறு எடையை இனி வாரம் இருமுறையாக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த படம் ஆறு வாரம் கழித்து.